நடுவில் ஓ, வாலில் ஈ

பூண்டுலோயா பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
போட்டோகொப்பி ஒரு பக்கம் இருபது ரூபாய்,
பாரம் நிரப்பினால் நூற்றைம்பது.
அது என் கடை.
மழை நாட்களில் கொழுந்துச் சாக்கு வாடையோடு
நனைந்த அடையாள அட்டைகள் வரும்.
சட்டையில் துடைத்துவிட்டுத் தட்டுவேன்.

புஸ்பலீலாவுக்குப் பொலிஸ் ரிப்போர்ட், குவைத்துக்கு.
பெயர் சரி. பிறந்த திகதி சரி.
விலாசம்?
"நாலாம் லயன், தொங்கக் காம்பரா, கீழ் டிவிசன்."
அவளுக்குப் பின்னால் பதினோரு பேர்.
கரண்ட் ஏற்கெனவே ஒருதரம் போய் வந்திருந்தது.
எல், ஐ, ஓ, என்.
அடித்தேன், அனுப்பினேன், மீதிக்காசு எண்ணிக் கொடுத்தேன்.

ராத்திரி சோற்றைப் பிசையும்போதுதான் உறைத்தது.
சிங்கம்.
அவளை நான் சிங்கத்தில் குடிவைத்திருக்கிறேன்.

அவள் வீட்டுக்கு வேண்டியது
எல், ஐ, என், ஈ.
வாலில் உட்கார்ந்திருக்கிற ஈ
பறக்காது, இரையாது, ஒரு சத்தமும் போடாது,
அதை விரட்டிவிட்டால் மட்டும் சொல் உயிரோடிருக்காது.
மற்றதில் நடுவே ஓ,
கொட்டாவிக்குத் திறந்த வாய்.

அகராதியைக் கிளறினேன்.
ஒட்டுமில்லை உறவுமில்லை.
ஒன்று ஆளிச்செடி நாரில் பிறந்ததாம்:
நார் திரித்து நூல்,
நூல் பிடித்துக் கோடு,
கோட்டின்மேல் வெள்ளைக்காரன்
பத்துப் பத்தாய் அடுக்கிய காம்பரா.
மற்றதன் வேரைத் தேடப் போனேன்.
பக்கத்திலேயே தமிழ் அகராதி கிடந்தது.
ஆளி: ஒருவகைச் செடி.
ஆளி: சிங்கம்.
இரண்டையும் மூடி வைத்துவிட்டேன்.

திருத்தலாம் என்றால் இணையத்தில் அதற்கு வழியில்லை.
மறுபடி கட்ட அவளிடம் காசுமில்லை.
ஒரு கிழமை வாயைத் திறக்காமலிருந்தேன்.
அதற்குள் கொன்ஸ்டபிள்
மோட்டார் சைக்கிளை பீலியடியில் நிறுத்திவிட்டுக்
கடதாசியில் உள்ளபடியே உரக்கக் கேட்டிருக்கிறார்:
"ஹதர லயன் கோ?"
எழுத்தில் சிங்கம். காதில் எங்கள் லயன்.
பந்து விளையாடிய பொடியன்கள்
ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள்.
தகரம், துணிக்கம்பி, இஸ்தோப்பில் குடை.
பிளேன்டீ குடித்துக் கையெழுத்துப் போட்டுப் போனார்.
பிழையான சொல்
சரியான வாசலுக்கு வந்து சேர்ந்தது.

இத்தனை வருசத்தில் சரியான சொல்
அந்த வாசலுக்கு வந்ததில்லை.
நாலாம் லயனுக்கு எழுதும் கடிதம்
தோட்டத்து ஆபீசில் இறங்கி
யார் கையிலாவது மழை பார்த்துக்கொண்டு கிடக்கும்.
சந்தனசாமியின் மகனுக்கு
நேர்முகப் பரீட்சைக் கடிதம் கிடைத்தது
பரீட்சை முடிந்த ஒன்பதாம் நாள்.

அவள் போனாள்.
பாஸ்போட் அட்டையில் வாள் தூக்கிய பொன் சிங்கம்,
உள்ளே நாலாய் மடித்த தாளில்
நாலாம் இலக்கச் சிங்கம்.

ஏழு மாசம் கழித்து வீடியோவில் வந்தாள்,
பின்னால் வெள்ளைச் சுவர், குளிரூட்டியின் இரைச்சல்.
மேடத்தின் மகள் அந்தத் தாளை வாசித்தாளாம்,
கண்ணை விரித்தாளாம்:
நீ சிங்கத்துக்குள்ளேயா இருந்தாய்?
"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.
"ஆமான்னேன். பத்து இருக்கு, எங்களோடது கடைசின்னேன்.
அதுக்குப் பொறகு மேடம் கையோங்குறதில்ல."
சிரித்தாள். இதில் எவ்வளவு மெய் என்று கேட்கவில்லை.
அதற்கு முன் ஓங்கியிருக்கிறாள் என்பது மட்டும்
அன்றிரவு சோற்றோடு இறங்க மறுத்தது.

"அடுத்த பாரத்துல சரியா அடிச்சுத் தாரேன்," என்றேன்.
"வேணாண்ணே, இருக்கட்டும்."

இன்று காலை கீழ் டிவிசனிலிருந்து மூன்று பேர்.
விலாசம் என்றேன்.
லயன் என்றார்கள்.
விசைப்பலகையில் ஓ பாதி அழிந்திருக்கிறது.
விரல் அங்கே
கொஞ்சம் நின்றது.
வரிசையில் யாரோ இருமினார்கள்.